மஞ்சள் இல்லாத வெளிச்சம்

முதலில் எனக்குத் துரோகம் செய்தவர் காந்திமதிநாதன் சார். விசாரணை நடத்தியவர்கள், தலையாட்டியவர்கள், சிரித்தவர்கள் எல்லாம் அவருக்குப் பின்னால் வந்தவர்கள். அவர்களையும் நான் விட்டுவிடவில்லை, ஒவ்வொரு முகமும் எனக்குள் இருக்கிறது, ஆனால் முதல் முகம் அவருடையது. அந்த முகம் இன்று சாயங்காலம் இந்த லேபுக்குள் வரப்போகிறது, ரிட்டயர் ஆகிப் போன பிறகு முதல் தடவையாக. வரட்டும். நான் இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு முன்னால் மேசை, மேசைமேல் அகன்ற வாய் வைத்த எவர்சில்வர் தெர்மாஸ், அதற்குள் சுடுதண்ணீர், தண்ணீருக்குள் கழுத்துவரை முங்கியபடி ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. மூடியில் போட்ட ஓட்டை வழியாக வெப்பமானி தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் சிவப்புக் கோடு இறங்குவதே தெரியாமல் இறங்குகிறது. இப்போது இந்த லேபை நடத்துகிற ரெஜினா மேடம் அதில் மையால் ஓர் அடையாளம் போட்டுவிட்டு வகுப்புக்குப் போயிருக்கிறாள். "அந்த அடையாளத்துக்கு வர்ற வரைக்கும் மேசைய யாரும் தொடக்கூடாது அண்ணாச்சி, தும்மல் வந்தாக்கூட வெளிய போய்த் தும்மிட்டு வாங்க" என்றாள். தும்மல் வராது மேடம் என்றேன். சொன்ன நிமிஷத்திலிருந்து மூக்கு அரிக்கிறது. சொறியலாமா, சொறிந்தால் கை அசையும், கை அசைந்தால் மேசைக்கு என்ன, மேசை அங்கே, நான் இங்கே, ஒரு முழம் இடைவெளி விட்டுத்தான் ஸ்டூலைப் போட்டிருக்கிறேன். இருந்தாலும் சொறியவில்லை. அரிக்கட்டும். இதைவிடப் பெரிய அரிப்பையெல்லாம் சொறியாமல் வைத்திருக்கிறவன் நான்.

குப்பிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் தெரியாது, தண்ணீர் மாதிரிதான் இருக்கிறது, கிணற்றுத் தண்ணீரை மொண்டு ஊற்றினால்கூட இப்படித்தான் இருக்கும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடித் துகள்கள் இருக்கின்றனவாம், மூலக்கூறு என்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் தண்ணீர் பிடிக்கும், இன்னொரு பக்கத்துக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது. சூட்டில் எல்லாம் கலைந்து திரியும். சூடு மெல்ல மெல்ல இறங்கினால், யாரும் பிடித்து வைக்காமல், தண்ணீர் ஆகாத பக்கத்தை ஒளித்துக்கொள்வதற்காக ஒன்றையொன்று ஒட்டி உட்காருமாம். பக்கத்தில் ஒன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று, அப்படியே நாலாபக்கமும் பரவி ஒரு தகடாகிவிடும். தகடு என்றால் நம் தகடு இல்லை. பால் ஆறும்போது மேலே படிகிற ஏட்டைச் சொன்னேன், மேடம் சிரித்தாள், "இதோட மெலிசுக்கு முன்னால பாலேடெல்லாம் மெத்தை மாதிரி அண்ணாச்சி" என்றாள். நான் எனக்குப் புரிந்த மாதிரி வைத்துக்கொண்டேன். ஜங்ஷனில் கிளம்பும் பாபநாசம் பஸ் மாதிரி. கண்டக்டர் யாரையும் உட்கார வைப்பதில்லை, ஆனாலும் ஜன்னல் ஓரம் முதலில் நிறைகிறது, பொம்பளைகள் பொம்பளைகள் பக்கத்தில் போகிறார்கள், கொஞ்ச நேரத்தில் எல்லாரும் அவரவர் இடத்தில். டிரைவர் அவசரப்பட்டு வண்டியை உலுக்கி எடுத்தால் ஒருவர் மடியில் ஒருவர். அதனால்தான் உலுக்கக் கூடாது. ஒழுங்காக உட்கார்ந்துவிட்டால் அந்தத் தகடு ஊதா விளக்கில் ஒளிரும். தனித்தனியாக இருக்கும்போது ஒளிராது, ஒவ்வொன்றும் ஆடிக்கொண்டே இருப்பதால் வாங்குகிற வெளிச்சமெல்லாம் ஆட்டத்திலேயே போய்விடும், நெருக்கி உட்கார்ந்த பிறகு ஆட முடியாது, அப்போது வாங்கிய வெளிச்சத்தை வெளியே விட்டுத்தான் ஆகவேண்டும். இதை மேடம் சொன்னபோது எனக்கு என் நினைப்புதான் வந்தது. என்னையும் இத்தனை வருஷம் ஆடவிடாமல்தானே நெருக்கி வைத்தார்கள். நான் எதை வெளியே விட்டேன். ஒன்றும் இல்லை. உள்ளேயே வைத்திருக்கிறேன்.

இதே சோதனையைத்தான் காந்திமதிநாதன் சார் முதலில் செய்தார், இதே லேபில், ஜன்னல் பக்கத்து மேசையில். அன்று எனக்குத் தலை நரைக்கவில்லை. அவர் குப்பி ஒளிர்ந்தது. மஞ்சள் பச்சையாக, கோவில் குளத்துப் பாசி மாதிரி அப்படி ஓர் ஒளி, நானும் பார்த்தேன், நானும்தான் கை தட்டினேன். பேப்பரில் அவர் படம் வந்தது. லட்டு வாங்கி வந்து விநியோகித்தது நான்தான், அந்த டப்பாவின் நெய் வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது. பிறகு வேறொரு ஊர்க்காரர்கள் அதைச் செய்து பார்த்தார்கள், அவர்களுக்கு ஒளிரவில்லை, இங்கிருந்து குப்பியை அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினோம், அவர்கள் பிரித்துப் பார்த்துவிட்டு எழுதியது ஒரே சொல்தான், மஞ்சள். சமையல் மஞ்சள். ஊதா விளக்கில் மஞ்சளும் அப்படித்தான் ஒளிருமாம். லேபுக்குள் மஞ்சள் எப்படி வந்தது என்று கேட்டார்கள். சோதனை செய்ததற்கு முந்தின வாரம்தான் ஆயுத பூஜை. சார் யோசிக்கவே இல்லை, என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, "எங்க அட்டெண்டர் பேச்சிமுத்து பூஜைக்குக் கண்டதுக்கெல்லாம் மஞ்சளும் சந்தனமும் அப்பிட்டான், படிக்காதவன், சொன்னாக் கேக்க மாட்டான்" என்றார். நான் வாசல் நிலைக்கு வைத்தேன், பிரிட்ஜுக்கு வைத்தேன், தராசுக்கு வேண்டாம் என்று அவரே சொன்னதால் தராசுக்கு வைக்கவில்லை. குப்பிகளை நான் தொடவே இல்லை. தொட்டவர் அவர். புதிதாக எதைத் தொடங்கினாலும் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. அவர் ஊர்ப் பிள்ளையார் கோவில் மஞ்சளை ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார், விரலை நனைத்துத் தொட்டு மூடிமேல் ஒரு பொட்டு வைப்பார், மனசுக்குள் ஏதோ சொல்வார், அப்புறம்தான் அடுப்பைப் பற்றவைப்பார். அன்றும் வைத்தார். வைத்த கையோடு, தெளிந்திருக்கிறதா என்று பார்க்க அதே விரலால் மூடியைத் திறந்து விளிம்பைப் பிடித்தார். நான் இரண்டடி தள்ளித் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கடவுளை நினைத்து ஒருவர் வைக்கிற பொட்டில் தப்பு கண்டுபிடிக்க எனக்குத் தோன்றவில்லை. எனக்கு அது எப்படித் தெரியும். அவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

விசாரணையில் இதைச் சொன்னேன். நடுவில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரர் பேனாவை மூடிவிட்டார். "பேராசிரியர் மேலயே பழியப் போடுறியா? அவரு வெளிநாட்டுல படிச்சவருய்யா, மஞ்சள எங்க வைக்கணும் எங்க வைக்கக் கூடாதுன்னு அவருக்குத் தெரியாதா?" பக்கத்து நாற்காலியில் காந்திமதிநாதன் சார் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைப் பின்கட்டில் இருக்கும் பொருட்கிடங்குக்கு மாற்றினார்கள், அமில நெடி, சுண்ணாம்பு உதிர்கிற சுவர், பேச ஆள் கிடையாது, ரெஜினா மேடம் வந்தபிறகுதான் என்னை மறுபடி லேபுக்குக் கேட்டு வாங்கினாள். அது பரவாயில்லை. அன்று ஒட்டிய பேர்தான் போகவில்லை. மஞ்சப் பேச்சி. கேண்டீனில் முதலில் யார் சொன்னார்கள் என்பதும் எனக்குத் தெரியும், இரண்டாம் வரிசையில் அவரையும் வைத்திருக்கிறேன். "மஞ்சப் பேச்சி, சாம்பார்ல ஒங் கைய நனைச்சுட்டுப் போ, கலர் பத்தல." சிரிப்பு. மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டு ஆள் ஒருவர், அவரும் இதே யுனிவர்சிட்டியில் கிளார்க், நலுங்குக்கு மஞ்சள் கிண்ணத்தை எடுத்தபோது, "மாமாகிட்டக் குடுங்க, அவருக்குத்தான் இதுல சர்வீஸ் இருக்கு" என்றார். என் மகளும் சிரித்தாள். அவளுக்குக் கதை தெரியாது, எல்லாரும் சிரிக்கிறார்களே என்று சிரித்தாள், அவளை நான் எந்த வரிசையிலும் வைக்கவில்லை. என் வீட்டுக்காரி சண்முகத்தாய் மட்டும் அன்று ராத்திரி, "இன்னும் எத்தன காலத்துக்கு இதையே தூக்கிச் சொமப்பீங்க, எறக்கி வைங்களேன்" என்றாள். எங்கே இறக்கி வைப்பது. இறக்கி வைத்தால் அது கீழே கிடக்கும், எவனாவது மிதித்துவிட்டுப் போவான். என் கையில் இருக்கிற வரைக்கும் அது என்னுடையது.

கோடு இறங்கியிருக்கிறதா. குனிந்து பார்க்கலாம், மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன், அடையாளத்துக்கு இன்னும் மேலேதான் நிற்கிறது. கண்ணில் நீர் கோத்து இரண்டு கோடாகத் தெரிகிறது. முழங்கால் குத்துகிறது. காலை நீட்டினால் மேசைக் கால் தட்டும், வேண்டாம். வெளியே வராந்தாவில் சக்கரம் உருளும் சத்தம், இரும்பு ஏணி, யாரோ கம்பியை இழுத்துத் தரையில் போடுகிறார்கள். எழுந்து வாசலுக்குப் போனேன். எலெக்ட்ரிக் காண்டிராக்ட் ஆள் இசக்கி, தோளில் டிரில்லிங் மெஷினைத் துப்பாக்கி மாதிரி சாய்த்துக்கொண்டு லேப் சுவரில் பென்சிலால் புள்ளி வைக்கிறான். "ஏலே, இங்க போடாத" என்றேன். "அண்ணாச்சி, ரெண்டே ரெண்டு ஓட்ட, கேபிள் போகணும்லா." "கேபிள் நாளைக்குப் போகட்டும்." "நாளைக்கி எனக்குக் கொக்கிரகுளத்துல சோலி. இப்ப என்ன, உள்ள யாரும் புள்ள பெத்துட்டா கெடக்காங்க?" "ஆமா, அப்படித்தான் வச்சுக்கோ. சத்தங் காட்டாம இரி." எட்டிப் பார்த்தான். "தெர்மாஸுல டீயா அண்ணாச்சி? காவலுக்கு ஆளு போட்டுக் குடிக்கிற டீய இன்னைக்குத்தான் பாக்கேன்." சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன், கொஞ்சம் சிரித்துவிட்டேன். பிறகு சுவரில் முதுகைச் சாய்த்து, அவன் வைத்த புள்ளிகள் இரண்டும் என் முதுகுக்குப் பின்னால் மறைகிற மாதிரி நின்றுகொண்டேன். "ஓட்ட போடணும்னா என் வழியா போடு." அவன் மெஷினைக் கீழே வைத்தான். பீடியை எடுத்துக் காதில் செருகினான். "மேடம் திட்டுனா ஒம்ம பேரத்தான் சொல்லுவேன்." சொல்லு, என்றேன். என் பேரைச் சொல்லிப் பழி போடுவது இந்த யுனிவர்சிட்டியில் ஒன்றும் புதிதில்லை. அவன் போனபின் ஏணியின் நிழல்கூட விலகுகிறவரை நின்றுவிட்டு உள்ளே வந்தேன், கதவைச் சாத்தினேன், சத்தமில்லாமல், விரலை இடையில் கொடுத்துச் சாத்தினேன், விரல் நசுங்கியது, நசுங்கட்டும்.

இப்போது அந்த நினைப்பு வருகிறது. காலையிலிருந்து வாசலில் நிற்கிறது, இப்போது உள்ளே வந்துவிட்டது. இந்தக் குப்பி ஒளிர்ந்தால் ஜெயிப்பது யார். மேடம் ஜெயிப்பாள், சரி. ஆனால் இது காந்திமதிநாதன் சார் உண்டாக்கிய மூலக்கூறுதான், மேடம் அதன் தண்ணீர் ஆகாத பக்கத்தை, வால் என்பாள், கொஞ்சம் நீட்டியிருக்கிறாள், அவ்வளவுதான். ஒளிர்ந்தால் அவர் என்ன சொல்வார், பார்த்தீர்களா, நான் சொன்னது சரி, அன்றைக்கே வந்திருக்க வேண்டியது, அந்த மஞ்சளால் கெட்டது என்பார். மஞ்சளால் என்றால் யாரால். எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். ஆக நான் உட்கார்ந்து காவல் காத்து, விரலை நசுக்கிக்கொண்டு, அவரை நிரபராதியாக்கப் போகிறேன், என்னை இன்னும் ஒரு தடவை குற்றவாளியாக்கிக்கொள்ளப் போகிறேன். ஒளிராவிட்டால் அவர் கதை முடிந்தது, மஞ்சளும் இல்லை, மண்ணும் இல்லை, அது ஒளிராத சாமான், அவ்வளவுதான் என்று ஊரே சொல்லும். ஒளிராமல் செய்வது எவ்வளவு சுலபம். ஒரு தட்டு. விரல் நகத்தால் ஒரு தட்டு. அதுகூட வேண்டாம், மூடியைக் கொஞ்சம் விலக்கினால் போதும், சூடு சட்டென்று இறங்கிவிடும், உள்ளே எல்லாம் கண்டபடி விழுந்து கட்டிதட்டிப் போகும், யாருக்கும் தெரியாது. அறையில் நான் மட்டும்தான். என் கை மேசை ஓரத்துக்குப் போயிருக்கிறது. நான் போகச் சொல்லவில்லை, அது போயிருக்கிறது, நகத்துக்கும் எவர்சில்வருக்கும் நடுவில் ஒரு நெல்லுக்கான இடம். கையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இந்தக் கைதான் கெடுத்தது என்று அன்று சொன்னார்கள். இந்தக் கை எதையும் கெடுக்கவில்லை. இன்று கெடுத்தால் அவர்கள் அன்று சொன்னது இன்று உண்மையாகிவிடும், அவர் எனக்குத் தர வேண்டிய பாக்கியும் அதோடு தீர்ந்துபோகும், இருவரும் சமம், கணக்கு நேர். அதை நான் விடுவதாயில்லை. கையை எடுத்து மடியில் வைத்தேன், மற்றக் கையால் அதைப் பிடித்துக்கொண்டேன். ஒளிரு. நன்றாக ஒளிரு. ஒருத்தன் விரலும் படாமல் ஒளிரு. நெருங்கி உட்காருங்கள், எல்லாரும் ஏறிவிட்டார்கள், வண்டியை நான் உலுக்க மாட்டேன். வாய்விட்டுச் சொல்லிவிட்டேனோ என்று பயந்து வாசலைப் பார்த்தேன். யாருமில்லை. கோடு அடையாளத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மேடம் வந்தபோது அவளோடு மாணவர்கள் வந்தார்கள், துறைத்தலைவர் வந்தார், அவர்களுக்கு நடுவில் காந்திமதிநாதன் சார். மெலிந்துவிட்டார், சட்டைக் காலர் கழுத்தை விட்டுத் தள்ளி நிற்கிறது, கைத்தடி ஒன்று. என்னைப் பார்த்ததும் நின்றார். "பேச்சியா? நல்லா இருக்கியாப்பா?" இருக்கேன் சார் என்றேன். அதற்குமேல் அவர் கண் என்மேல் நிற்கவில்லை. மேடம் குப்பியை இரண்டு கையாலும் எடுத்தாள், பச்சைக் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பது போல. ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டார்கள். இருட்டில் எல்லாருடைய மூச்சும் கேட்டது. ஊதா விளக்கு போட்டாள். ஒன்றுமில்லை என்று முதலில் தோன்றியது, பிறகுதான் கண் பழகியது. இருந்தது. மஞ்சள் இல்லை, பச்சை இல்லை, நீலம். மழைக்கு முந்தின விடியலில் வானத்துக்கு ஒரு நிறம் வருமே, அது தண்ணீருக்குள் நின்றது, மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக, ஒரு திட்டு கிடையாது, ஒரு கட்டி கிடையாது. மேடத்தின் கன்னம் அந்த நீலத்தில் நனைந்து தெரிந்தது, அழுகிறாளா என்று பார்ப்பதற்குள் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வந்துட்டும்மா," என்றார் துறைத்தலைவர். கை தட்டினார்கள். விளக்கைப் போட்டதும் காந்திமதிநாதன் சார் கைத்தடியைத் தரையில் ஒரு தட்டு தட்டிச் சொன்னார், "நான் அன்னைக்கே சொன்னேன். இது வரும்னு. அன்னைக்கே வந்திருக்க வேண்டியது. மஞ்சள் வந்து கெடுத்திட்டு." எனக்குத் தெரியும், இதே சொற்கள் வரும் என்று தெரியும், ஆனால் கேட்கும்போது காது சூடாகிவிட்டது. "மஞ்சள் எப்படி வந்துச்சு சார்? அதுவா நடந்தா வந்துச்சு?" என்றேன். மாணவர்கள் சிரித்தார்கள், மஞ்சப் பேச்சி ஏதோ வேடிக்கை சொல்கிறார் என்று. சார் சிரிக்கவில்லை. மேடமும் சிரிக்கவில்லை. அவள் அவரையே பார்த்தாள், பதிலுக்குக் காத்திருக்கிற பார்வை. சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கியது. அவர் வாயைத் திறந்தார், நான் பார்த்தேன், நாக்கு மேலே போனது, பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "டிரைவர் நிக்கான்," என்றார். "விழா தேதிய மட்டும் எனக்கு முன்கூட்டியே சொல்லிருங்கம்மா."

அவருக்குத்தான் விழா. இது வந்தால் அடுத்த மாதம் அவரைப் பெரிய மண்டபத்தில் உட்காரவைத்துச் சால்வை போடுவதென்று முடிவு செய்திருக்கிறார்கள். நான் பின்னாலேயே போனேன். வராந்தா முழுவதும் அவருடைய தடியின் சத்தம் முன்னால், என் செருப்புச் சத்தம் பின்னால். படியில் அவருக்குக் கால் தடுமாறியது, முழங்கையைப் பிடித்தேன், லேசான கை, உள்ளே ஒன்றுமே இல்லாதது போல. இதையா இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று ஒரு கணம் தோன்றியது, அந்தக் கணத்தை நான் அங்கேயே நிறுத்திவிட்டேன், அதற்குமேல் வளரவிடவில்லை. கார்ப் பக்கம் வந்ததும் அவர் என் பக்கம் திரும்பி, சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலை இறக்கிச் சொன்னார். "பேச்சி. எனக்குத் தெரியும்ப்பா. அன்னைக்கே தெரியும். அப்ப எனக்கு வேற வழி இல்ல. நீ மனசுல ஒண்ணும் வச்சுக்காத." தோளில் கை வைத்தார். அந்தக் கை என் தோளில் கிடந்தது. இதற்காகத்தானே காத்திருந்தாய், வாங்கிக்கொள், என்று சண்முகத்தாய் சொல்வது போல இருந்தது. ஆனால் இங்கே யார் இருக்கிறார்கள். ஒரு டிரைவர், அவனும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டிருக்கிறான். வேப்பமரம் ஒன்று. "வச்சிருக்கேன் சார்," என்றேன். "என்னது?" "மனசுலதான் வச்சிருக்கேன். இங்க வச்சுச் சொன்னா எப்படி சார்? மேல அத்தன பேரு இருந்தாங்களே, அங்கல்லா சொல்லணும்." "அதுக்கென்ன இப்ப, நீயும் நானும் எத்தன நாளைக்கி..." "விழால மைக்கு இருக்கும். அதுல சொல்லுங்க. பேச்சிமுத்து மஞ்சள் வைக்கல, நான்தான் வச்சேன்னு. ஒரு வரிதான்." அவர் கை தோளிலிருந்து வழுக்கி இறங்கியது. முகம் சின்னப் பையன் முகம்போல ஆகி, உடனே மறுபடியும் பேராசிரியர் முகமாகிவிட்டது. "பாக்கலாம்ப்பா," என்று உள்ளே உட்கார்ந்தார். கதவைச் சாத்தக்கூட நான்தான் வேண்டியிருந்தது. சாத்தினேன், மெதுவாக, அவர் வேட்டி நுனி மாட்டிக்கொள்ளாமல் ஒதுக்கிவிட்டுச் சாத்தினேன். கண்ணாடி ஏறியது. கார் வேப்பமரத்தைச் சுற்றித் திரும்பிக் கேட்டைத் தாண்டிப் போனது. மேலே லேபில் மறுபடியும் கை தட்டுகிறார்கள். தர வேண்டியதைத் தராமல்தான் போகிறார், அரையாகத் தந்தார், நான் வாங்கவில்லை. போகட்டும். அவர் வீடு மகராஜநகரில் எந்தத் தெரு என்று எனக்குத் தெரியும். காலையில் பால் வாங்க அவரேதான் வெளியே வருவாராம், பூத் வாசலில் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள்.